அண்ணாவியாரின் வேகம்: முதல் அல்பம், நாட்குறிப்பு

ஜூன் 8, 2024

அல்பத்துக்கு ஏழு பாட்டு என்று முடிவாகிவிட்டது. குரலும் கிட்டாரும் மட்டக்களப்பு, கல்லடி வீட்டு அறையிலேயே எடுத்தாயிற்று. மிச்சம் மத்தளம்தான். ஒலிப்பதிவு மென்பொருளோடு வரும் ஒலிகளில் தபலா இருக்கிறது, டோலக் இருக்கிறது, தேடினால் மிருதங்கமும் கிடைக்கிறது. கூத்து மத்தளத்தைக் காணவில்லை. கிடைத்திருந்தாலும் எடுத்திருக்க மாட்டேன். இடுப்பில் மத்தளத்தைக் கட்டிக்கொண்டு, கூத்தாடும் களரியில் நின்று, விடிய விடிய அடிக்கிற ஒரு ஆளின் கை எனக்கு வேண்டும். அந்தச் சத்தத்தை மனதில் வைத்துத்தான் இந்தப் பாட்டுகளைக் கட்டினேன்.

வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் ஓர் அண்ணாவியாரிடம், அதாவது கூத்துப் பழக்கும் ஆசானிடம், தம்பி கதைத்து வைத்திருக்கிறான். வயது எழுபதைத் தாண்டியவர். வடமோடி, தென்மோடி என்ற இரண்டு கூத்துப் பாணியும் பழக்குவாராம்.

ஜூன் 15

வலையிறவுப் பாலம் தாண்டி அண்ணாவியார் வீட்டுக்குப் போனோம். கச்சான் காற்று பகலில் தகரத்தையும் தென்னோலையையும் சும்மா விடவில்லை. அதனால் இருட்டும்வரை பேசிக்கொண்டிருந்தோம். தேத்தண்ணி வந்தது, பழைய கூத்துக் கதைகள் வந்தன. காற்று அடங்கிய பிறகு அவர் வீட்டு முன் அறையில் பாய்களையும் போர்வைகளையும் தொங்கவிட்டு மைக் வைத்தோம்.

உட்கார்ந்து அடிக்க அவருக்குச் சம்மதம் இல்லை. நின்றால் உடம்பு அசையும், அசைந்தால் மத்தளமும் ஒரு மைக்கை விட்டு விலகிப் போகும். அதனால் ஒன்றை முன்னால் மூன்றடி தள்ளி வைத்தேன், மற்றதை அவர் தலைக்கு மேலே வளையில் கட்டினேன். மத்தளத்தின் வலப்பக்கமான வலந்தலையின் கணீரை முன் மைக் பிடித்தது. இடப்பக்கமான தொப்பியின் கனத்த அடிச்சத்தம் அறை முழுக்கப் பரவி மேல் மைக்குக்கு வந்தது. இரண்டையும் சேர்த்துக் கேட்டபோது எனக்குப் புல்லரித்துவிட்டது.

ஹெட்ஃபோனில் தாளத்துக்கு டிக் டிக் என்று ஓடவிட்டேன். கொஞ்ச நேரம் கேட்டார், கழற்றி மேசையில் வைத்தார்.

"நான் ஆட்டக்காரன்ட காலப் பார்த்து அடிக்கிற ஆள். இதுக்குக் கால் இல்லையே, புள்ள."

பேரனைக் கூப்பிட்டார். பொடியன் வாசல் பக்கம் வெறுங்காலோடு ஆடினான், அவர் அவன் காலையே பார்த்தபடி அடித்தார். பக்கத்து வீட்டுக்காரர் சல்லாரி என்கிற கைத்தாளம் பிடித்தார். டிக் டிக்கை நிறுத்திவிட்டேன். பொடியனின் காலடிச் சத்தமும் பதிவில் விழுந்திருக்கிறது. அதை எடுக்கப் போவதில்லை.

ஜூன் 23

கூத்தில் ஒரு தரு, அதாவது ஆடிப் பாடுகிற பாட்டு, நிதானமாகத் தொடங்கும். ஆட்டம் சூடுபிடிக்கத் தாளமும் கூடவே ஏறும், ஆட்டத்துக்கான தாளச் சொற்கட்டு தீரும் இடத்தில் உச்சிக்குப் போகும். அண்ணாவியாரின் பதிவை அளந்து பார்த்தேன்: நிமிடத்துக்கு 84 அடியில் தொடங்கி 112இல் முடிகிறது. நடுவில் எங்கேயும் சறுக்கல் இல்லை, சீராக ஏறுகிறது.

கொழும்பில் ஒலிக்கலவை செய்யும் நண்பர், "அனுப்பு, எல்லா அடியையும் ஒரே வேகத்துக்கு நேராக்கித் தாறேன்" என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். ஆனால் நேராக்கினால் அந்த ஏற்றம் போய்விடும், ஆட்டக்காரனின் கால் போய்விடும். மறுத்துவிட்டேன். ரீப்பர் என்ற ஒலிப்பதிவு மென்பொருளில் அண்ணாவியாருடைய ஒவ்வொரு அடிக்கும் குறி போட்டு, திரையில் உள்ள தாளக் கட்டங்களை அவர் அடிக்குத் தக்கபடி வளைத்துக்கொண்டிருக்கிறேன். குரலையும் கிட்டாரையும் அதன்மேல் புதிதாக எடுக்க வேண்டும். வேலைதான். ஆனாலும் மூன்றாவது பாட்டின் கடைசிப் பகுதியில் என் குரல் அவர் கையைத் துரத்திக்கொண்டு ஓடுவதைக் கேட்டபோது, இந்த அல்பம் எதற்காக என்பது எனக்குத் தெளிவாகிவிட்டது.

ஜூலை 6

இன்று முழுக்க ஒரே வாதம். முதல் பாட்டு விருத்தத்தோடு தொடங்குகிறது. தாளம் இல்லாமல் இழுத்துப் பாடுவது, முக்கால் நிமிடம் போகும். ஸ்பாட்டிஃபையில் 30 விநாடி தாண்டினால்தான் ஒருவர் கேட்டதாகக் கணக்கு. 2024 முதல் ஒரு பாட்டை 12 மாதத்தில் குறைந்தது 1,000 தடவை கேட்டால்தான் அதற்குப் பணமும் உண்டு. "விருத்தத்தை வெட்டு, மத்தளத்தில் தொடங்கு" என்று தம்பி நிற்கிறான்.

சுருக்குவது குற்றம் என்று நான் நினைக்கவில்லை. பேராசிரியர் வித்தியானந்தன் 1960களில் விடிய விடிய ஆடுகிற கூத்தைச் சுருக்கிப் பேராதனைப் பல்கலைக்கழக மேடைக்குக் கொண்டுபோனார். கூத்து அழியவில்லை, புதுச் சனம் பார்க்க வந்தது. அவர் நேரத்தைச் சுருக்கினார், ஆட்டத்தையும் தாளத்தையும் விடவில்லை. நானும் பாட்டுகளை நாலு நாலரை நிமிடத்துக்குள் அடக்கியிருக்கிறேன். ஆனால் விருத்தம் வந்த பிறகு விழுகிற முதல் அடிக்கு ஒரு பலம் இருக்கிறது, விருத்தத்தை எடுத்தால் அந்த அடி வெறும் சத்தம். விருத்தம் நிற்கும். தம்பி இன்னும் முறைத்துக்கொண்டுதான் இருக்கிறான்.

ஜூலை 21

கலவை முடிந்தது. சத்தத்தை ஏற்றி அமுக்கவில்லை. ஸ்பாட்டிஃபை வழக்கமாக எல்லாப் பாட்டையும் ஒரே சத்த அளவுக்கு (மைனஸ் 14 எல்யூஎஃப்எஸ்) சமன் செய்கிறது. அமுக்கிக் கொடுத்தால் அது இறக்கிவிடும், மத்தள அடியின் கூர்மை மட்டும்தான் நமக்கு நட்டம். அட்டைப்படம் 3000க்கு 3000 பிக்சலில் தயார்.

ஆகஸ்ட் 4

அண்ணாவியாருக்குப் போட்டுக் காட்டப் போனோம். நல்ல ஸ்பீக்கர் கொண்டுபோயிருந்தோம். அவர் பேரனின் ஃபோனில்தான் கேட்பேன் என்றார். "சனம் இதிலதானே கேக்கும்?" சரிதான்.

ஏழு பாட்டையும் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். மத்தளத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. "சல்லாரி எங்க? அது கேக்காட்டி ஆட்டக்காரன் எப்பிடி மிதிக்கிற?"

ஃபோனின் சின்ன ஸ்பீக்கரில் மத்தளத்தின் அடிச்சத்தம் காணாமல் போகிறது, அப்போது தாளத்தைத் தாங்குவது சல்லாரிதான். இரவே உட்கார்ந்து ஏழு பாட்டிலும் சல்லாரியை ஏற்றினேன். ஐந்தாவதில் என் குரலை அதற்காகக் கொஞ்சம் இறக்கியிருக்கிறேன். புதுக் கோப்புகளை விநியோகத்துக்கு அனுப்பியாயிற்று. வெளியீடு ஆகஸ்ட் 23ஆம் திகதி, வெள்ளிக்கிழமை. பெயர் வரிசையில் மத்தளம், சல்லாரி, ஆட்டம் மூன்றுக்கும் ஆட்களின் பெயர் போகிறது, பொடியனுடையதும் சேர்த்து.