டிராலிக்குப் பிரேக் கிடையாது, ஊட்டிக்குச் சமதரை கிடையாது

சூப்பர் மார்க்கெட் டிராலியைச் செய்தவர்கள் மனதில் டைல்ஸ் போட்ட தரைதான் இருந்திருக்கும். முன்சக்கரம் இரண்டும் இஷ்டத்துக்குத் திரும்பும், பின்சக்கரம் இரண்டும் நேராக மட்டும் ஓடும், பிரேக் என்று எதுவும் கிடையாது. ஊட்டியில் அதை வாசலில் நிறுத்திவிட்டு சில்லறை எண்ணிக்கொண்டிருந்தால், அதற்குள் கீழ்வீட்டு பீன்ஸ் பந்தலை விசாரிக்கப் போய்விடும். இந்த மலையில் ஆளில்லாத டிராலிகள் பெரும்பாலும் வளைவுக்குக் கீழே, ஓடையிலோ தேயிலைக்கு நடுவிலோ கிடப்பது அதனால்தான்.

பழைய டிராலியில் வீட்டுக்கு விறகு காயவைக்கலாம், செடி வளர்க்கலாம். அதற்காகக் கிடக்கிறதே என்று வீட்டுக்கு இழுத்து வராதீர்கள். பிடியில் கடைப் பெயர் இருந்தால் அது கடைச் சொத்து. மேனேஜரிடம் கேளுங்கள், கழித்துப்போட்டதை இரும்பு விலைக்குத் தரலாம். காயலான் கடையிலும் தேடலாம்.

வந்ததும் முதல் வேலை சக்கரம். ஒரு சக்கரம் மட்டும் தலையாட்டுகிறது, வண்டி ஒரு பக்கமே இழுக்கிறது என்றால் உடனே புதுச் சக்கரம் வாங்க ஓட வேண்டாம். முக்கால்வாசி நேரம் அச்சில் நூலும் தலைமுடியும் பிளாஸ்டிக் கயிறும் சுற்றியிருக்கும். பிளேடால் அறுத்து எடுத்து, இரண்டு சொட்டு எண்ணெய் விட்டால் சரியாகிவிடும். சக்கரத்தை இருபுறமும் பிடித்திருக்கும் கவை வளைந்திருந்தால்தான் கழற்ற வேண்டும். நட்டு துருவேறியிருந்தால் ராத்திரியே மண்ணெண்ணெய் ஊற்றி வைத்துவிட்டு, காலையில் ஸ்பேனர் போடுங்கள். பலத்தைக் காட்டினால் போல்ட் தலை மட்டும் கையோடு வரும்.

இந்த ஊருக்கு டிராலியால் ஆகக்கூடிய முதல் உபயோகம் விறகு காயவைப்பது. ஜூனில் மழை பிடித்துக்கொண்டால் துணியே காயாது, விறகைப் பற்றிக் கேட்க வேண்டாம். கம்பிக் கூடை என்பதால் அடியிலும் பக்கத்திலும் காற்று போகும், தரை ஈரமும் ஏறாது. சக்கரங்களைக் கழற்றிவிட்டு, கால்களைச் செங்கல்மேல் ஏற்றி, தகரக் கூரையின் இறவாரத்துக்குள் நிறுத்துங்கள். கற்பூர மரமானாலும் (யூகலிப்டஸ்) சீகையானாலும் (வாட்டில் மரம்) மார்ச்சிலேயே பச்சையாகப் பிளந்துவிட வேண்டும். கற்பூரம் காய்ந்தபின் கோடாலியோடு சண்டைக்கு நிற்கும். ஓரடி நீளத் துண்டுகளை ஒரு வரிசை நீளவாக்கில், அடுத்தது குறுக்கே என்று இடைவெளி விட்டு அடுக்குங்கள். 150 லிட்டர் கூடையில் பச்சை விறகு 90 கிலோவைத் தொடலாம், ஆகவே அடுக்கியபின் நகர்த்தும் எண்ணம் வேண்டாம். சாரலுக்குப் பயந்து தார்ப்பாயால் நாலாபுறமும் போர்த்துகிறவர்களுக்கு ஆகஸ்டில் விறகு கிடைக்காது, காளான் கிடைக்கும். மேலே மட்டும் மூடினால் போதும்.

அடுத்தது பனிக்காலச் செடித்தொட்டி. உறைபனி மேலிருந்து விழுவதில்லை. மேகமில்லாத இரவில் இலை தன் சூட்டையெல்லாம் வானத்துக்குக் கொடுத்துவிட்டுக் குளிர்ந்துபோகும், காற்றிலுள்ள ஈரம் அதன்மேல் உறையும். இலைக்கும் வானத்துக்கும் நடுவே ஒரு கூரை இருந்தாலே பாதிப் பிரச்சினை தீர்ந்தது. சாயங்காலம் இறவாரத்துக்குள் தள்ளி, காலையில் புல்மேல் வெள்ளை கரைந்ததும் வெளியே தள்ளுகிற தோட்டத்துக்கு டிராலி கச்சிதம். சிமென்ட் முற்றம் இருந்தால் மட்டும். கூடை நிறைய மண் போட்டால் நனைந்ததும் 200 கிலோ தாண்டி, சக்கரம் படுத்துவிடும். நிழல்வலையை இரண்டு மடிப்பாக விரித்து, தென்னை நார்க்கழிவு இரண்டு பங்கு, மண் ஒரு பங்கு, மக்கிய எரு ஒரு பங்கு கலந்து 20 செ.மீ. உயரம் போடுங்கள். கொத்தமல்லி, லெட்யூஸ், ஸ்ட்ராபெர்ரி எல்லாவற்றுக்கும் அது போதும். நிறுத்தும்போது சரிவுக்குக் குறுக்கே நிறுத்தி, பள்ளத்துப் பக்கச் சக்கரம் இரண்டுக்கும் கட்டை கொடுக்க மறக்காதீர்கள்.

கேரட் கழுவ, வடிகட்டவும் ஆகும். விரல் தடிமனுக்குக் குறைந்ததெல்லாம் கம்பி வழியே சாக்கடைக்குப் போகும் என்பதை ஏற்றுக்கொண்டால்.

குளிருக்குக் கணப்பு மூட்டவோ சோளம் சுடவோ மட்டும் கூடையைத் தொடாதீர்கள். கம்பியில் பெரும்பாலும் துத்தநாகப் பூச்சு இருக்கும், அதன்மேல் பிளாஸ்டிக் பூச்சும் இருக்கலாம். தணலில் துத்தநாகம் 420 டிகிரியை ஒட்டி உருகும், இன்னும் சூடேறினால் புகையாகும். அதைச் சுவாசித்தால் சில மணி நேரத்தில் குளிர்க்காய்ச்சல் பிடிக்கும். குளிர் காய வந்தவர் குளிரில் நடுங்கிக்கொண்டு போவார்.

கடைசியாகப் பின்கதவு. ஒரு டிராலிக்குள் இன்னொன்று நுழைந்து நிற்பதற்காக 1946-ல் அமெரிக்காவின் கன்சாஸ் சிட்டியில் ஓர்லா வாட்சன் கொண்டுவந்த ஏற்பாடு அது: மேலே கீல், உள்பக்கமாக மட்டும் திறக்கும். உள்ளிருந்து உருளைக்கிழங்கு எவ்வளவு அழுத்தினாலும் திறக்காது. வெளியிலிருந்து ஒரு விரல் தள்ளினால் திறந்துவிடும். குன்னூர்க் குரங்குகளுக்கு இந்த நுட்பம் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. காய்கறி வைப்பதானால் கதவின் இரண்டு கீழ்மூலைகளையும் கட்டுக்கம்பியால் முறுக்கிக் கட்டி, மேலே கோழிவலை போடுங்கள். கயிறு போட்டுக் கட்டினால் முடிச்சை அவிழ்த்துக் கயிற்றையும் எடுத்துப் போகும். ராத்திரிக்கு முட்டைக்கோஸ் தழையோடு வெளியே விட்டுவிடாதீர்கள். காட்டெருமை கதவையெல்லாம் தேடாது, கொம்பில் மாட்டி வண்டியையே கவிழ்த்துவிடும்.