ஓட்டின் உள்ளேயும் நீலம்

இன்று காலை என் கோழி இட்ட நீல முட்டையை உடைத்ததும் ஓட்டின் உட்பக்கத்தைத்தான் முதலில் பார்த்தேன். அங்கேயும் அதே நீலம்!

பழுப்பு முட்டையில் நிறம் மேல்பூச்சு மட்டும்தான், உள்ளே வெளுப்பு. நீலம் அப்படியில்லை, ஓடு உருவாகும்போதே பிலிவர்டின் என்ற நிறமி அதில் முழுக்க ஊறிவிடுகிறது. ஏதோ ஒரு காலத்தில் கோழியின் மரபணுத் தொகுப்புக்குள் புகுந்த ஒரு ரெட்ரோவைரஸ்தான் இதற்குக் காரணம் என்று 2013-ல் கண்டுபிடித்தார்கள். எவ்வளவு அழகான விபத்து!

சிலியிலிருந்து வந்த, நீல முட்டையிடும் அரௌகானா கோழி வம்சத்தை வளர்க்கிறவர்களுக்குச் சேவல் தேர்வுதான் கஷ்டம். அது முட்டை இடாதே, நீல மரபணு இருக்கிறதா என்று எப்படித் தெரியும்?

நான் கொண்டையைப் பார்ப்பேன். பட்டாணிக் கொண்டை, அதாவது சிறு மேடுகள் வரிசையாக உள்ள தாழ்ந்த கொண்டை, அதற்கான மரபணு நீல நிற மரபணுவுக்கு மிக அருகில் இருப்பதால் இந்த வம்சத்தில் இரண்டும் பெரும்பாலும் சேர்ந்தே வரும், அதோடு அந்தச் சின்னக் கொண்டை உறைபனியில் எளிதில் கருகாது.

அப்புறம் காதோர இறகுக் குஞ்சம். பார்க்க அழகுதான், ஆனால் தாய், தகப்பன் இருவரிடமிருந்தும் அந்த மரபணு வந்தால் குஞ்சு முட்டைக்குள்ளேயே இறந்துவிடும். குஞ்சமுள்ள இரண்டை நான் ஜோடி சேர்ப்பதே இல்லை.

அடுத்த பருவத்துக்குக் குஞ்சமில்லாத கறுப்புச் சேவலைத்தான் வைத்திருக்கிறேன், குளிர்காலம் முழுக்க ஒரு நாளும் அது சோர்ந்து நிற்கவில்லை.