குண்டு விழுந்த ஊரில் இரண்டு தாதிகள்: நாவல் எழுதிய கதை

அக்காவும் தங்கையும் மானிப்பாயில் தாதிப் பயிற்சி முடித்து, 1942 ஏப்ரலில் கொழும்பு ஆஸ்பத்திரியொன்றில் வேலை செய்கிறார்கள். எழுத உட்காரும்போது என்னிடம் இருந்தது இவ்வளவுதான். ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு காலை ஜப்பான்காரன் வந்து குண்டு போட்டது எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. அன்று மத்தியானம் வார்டுக்குள் என்ன நடந்தது என்று யாரைப் போய்க் கேட்பது?

கொழும்பு 7இல் பழைய பத்திரிகைக் கட்டுகளைப் புரட்டினேன். தணிக்கைக் காலம், துறைமுகத்தில் எந்தக் கப்பல் போனது என்றா எழுதுவார்கள்? செய்தியை விட விளம்பரங்களும் அரிசி அறிவித்தல்களும்தான் உதவின. மார்ச்சில் ரங்கூன் விழுந்ததும் பர்மா அரிசி நின்றுபோனது.

வெள்ளவத்தையில் ஒரு அம்மாவைப் பார்த்தேன், அவருடைய தாயார் அந்தக் காலத்துத் தாதி. தொப்பிக்குக் கஞ்சி போட்டு, ஈரத்தோடு நிலைக்கண்ணாடியில் ஒட்டிவிடுவாராம், காய்ந்து தானாக உரிந்து வரும்போது பளபளவென்றிருக்குமாம். அரிசித் தட்டுப்பாட்டில் கஞ்சிக்கு எங்கே போவது என்று கேட்டேன், மரவள்ளி மா என்றார். சரி, அக்கா-தங்கைச் சண்டை ஒன்று அங்கேயே கிடைத்துவிட்டது: ஊர் பசியில் கிடக்க, கிடைத்த மாவைத் தொப்பிக்குக் கரைப்பதா?

அதே ஞாயிறு கோர்ன்வோல், டோர்செட்சயர் என்ற பிரித்தானியப் போர்க்கப்பல்கள் இரண்டும் மூழ்கி, தப்பிய 1,100க்கு மேற்பட்டவர்களைத் தங்கையின் வார்டில் படுக்கவைக்க எனக்குப் பெரிய ஆசை, ஆனால் அவர்களை மாலைதீவிலுள்ள அட்டு தீவுக்கல்லவா கொண்டுபோனார்கள்! வரலாற்றை வளைக்க மனம் வரவில்லை. கதையை நாலு நாள் தள்ளினேன். ஏப்ரல் 9இல் மட்டக்களப்புக் கடலில் ஹேர்மஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பல் மூழ்க, 'வீட்டா' என்ற ஆஸ்பத்திரிக் கப்பல் ஏறக்குறைய 600 பேரை ஏற்றிக் கொழும்புக்கு வந்தது. எண்ணெயில் தோய்ந்து, வெந்துபோய் வந்தவர்களைத் தங்கை அப்போதுதான் பார்க்கிறாள். பென்சிலின் இங்கு வராத காலம், அவள் கையில் சல்பா என்ற கிருமிகொல்லிப் பவுடரும் உப்புத் தண்ணீரும்தான். அந்த ஒரு இரவுக்கே மூன்று அத்தியாயம் பிடித்தது, யுத்தத்தின் மிச்சமெல்லாம் அரைப் பக்கத்தில் முடிந்தது.

பதிப்பாளர் ஒருவர் படித்துவிட்டு, தங்கைக்கு ஒரு வெள்ளைக்கார விமானியோடு காதல் வைக்கலாமே, விற்கும் என்றார். இரட்டை டியூட்டி பார்க்கிறவளுக்குத் தூங்கவே நேரமில்லை ஐயா, காதலுக்கு எங்கே போவாள்? பிரதியைத் திருப்பி வாங்கிக்கொண்டேன்.