இதயப் பாடம்: பெயர்களுக்கு முன் அழுத்தத்தைப் படியுங்கள்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருந்து நீட் தேர்வுக்குத் தயாரானபோது, பதினொன்றாம் வகுப்பு விலங்கியலின் ‘உடல் திரவங்கள் மற்றும் சுற்றோட்டம்’ பாடத்தை மூன்று முறை முடித்திருந்தேன். இதய அறைகளின் (மேலே இரண்டு ஆரிக்கிள்கள், கீழே இரண்டு வெண்ட்ரிக்கிள்கள்) வரிசையையும் வால்வுகளின் பெயர்களையும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லியிருப்பேன். ஆயினும் ஒரு மாதிரித் தேர்வில், ‘ஒவ்வொரு துடிப்பிலும் வலது வெண்ட்ரிக்கிளைவிட இடது வெண்ட்ரிக்கிள் அதிக இரத்தத்தை வெளியேற்றுகிறது’ என்ற கூற்றைச் சரி என்று குறித்து, நான்கு மதிப்பெண்ணை இழந்ததோடு ஒரு மதிப்பெண் கழிவும் வாங்கினேன். இடப்பக்கச் சுவர் தடித்தது என்று படித்திருந்ததால், தடித்த சுவர் அதிகமாகத் தள்ளும் என்று நானாகவே முடிவு கட்டியிருந்தேன்.

உண்மையில் இரண்டும் தள்ளுவது ஏறத்தாழ 70 மி.லி. தான். வலப்பக்கம் நுரையீரலுக்கு அனுப்பிய இரத்தமே இடப்பக்கம் வந்து சேர்கிறது. வலப்பக்கம் ஒரு துடிப்புக்கு 1 மி.லி. கூடுதலாக அனுப்பிக்கொண்டே இருந்தால், நிமிடத்துக்கு 72 துடிப்பு என்ற கணக்கில், ஒரே மணி நேரத்தில் 4 லிட்டருக்கு மேல் நுரையீரலில் தேங்கிவிடும். உடலில் இருக்கும் மொத்த இரத்தமே 5 லிட்டர் அளவுதான். வேறுபடுவது அழுத்தம் மட்டுமே: இடது வெண்ட்ரிக்கிள் சுருங்கும்போது ஏறத்தாழ 120 மி.மீ. பாதரசம், வலதில் 25 அளவு. உடல் முழுவதற்கும் தள்ள வேண்டியிருப்பதால்தான் இடப்பக்கச் சுவர் தடித்திருக்கிறது.

இதைக் கண்ணால் பார்த்துவிடுவது என்று, முதுநகரில் உள்ள ஓர் இறைச்சிக் கடையில், “அண்ணே, மேலே இருக்கிற குழாயை ரெண்டு விரல் நீளம் விட்டு அறுத்துக் கொடுங்க” என்று கேட்டு, ஓர் ஆட்டு இதயம் வாங்கி வந்தேன். வாய்ப்புள்ளவர்கள் கட்டாயம் இதைச் செய்து பாருங்கள். வெட்டுவதற்கு முன்பே, நன்றாகக் கழுவிய இதயத்தில், இடது வெண்ட்ரிக்கிளிலிருந்து புறப்படும் பெருந்தமனிக்குள் தண்ணீர் ஊற்ற வேண்டும். ஊற்றியதும் அதன் வாயில் உள்ள அரைச்சந்திர வால்வின் மூன்று பைகளும் நிரம்பி, ஒன்றையொன்று தொட்டு, வழியை அடைத்துக்கொண்டன. அந்த உயிரற்ற இதயத்தில் எந்தத் தசையும் வால்வை இழுத்து மூடவில்லை. மேலிருந்த தண்ணீரின் அழுத்தமே மூடியது. பிறகு குறுக்கே வெட்டியபோது, இடப்பக்கச் சுவர் வலப்பக்கத்தைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்கு தடிமனாக இருந்தது. இடது ஆரிக்கிளுக்கும் வெண்ட்ரிக்கிளுக்கும் இடையே உள்ள ஈரிதழ் வால்வைப் பிடித்திருந்த வெண்ணிற இழைகளை விரலால் இழுத்துப் பார்த்தேன். நூல்போல் மெலிந்திருந்தும் அறவில்லை. அவை வால்வைத் திறப்பதில்லை, அது ஆரிக்கிள் பக்கம் புரண்டுவிடாமல் காக்கின்றன.

அன்று முதல், எந்த வால்வைப் பற்றிய கேள்வி வந்தாலும் ‘இப்போது எந்தப் பக்கம் அழுத்தம் அதிகம்?’ என்று மட்டுமே கேட்டுக்கொண்டேன். வெண்ட்ரிக்கிளின் அழுத்தம் ஆரிக்கிளை மிஞ்சும் கணத்தில் வலப்பக்கத்து மூவிதழ், இடப்பக்கத்து ஈரிதழ் வால்வுகள் மூடும்போது ‘லப்’. வெண்ட்ரிக்கிள் தளர்ந்து அதன் அழுத்தம் தமனியைவிடக் குறையும்போது அரைச்சந்திர வால்வுகள் மூடி ‘டப்’. வால்வு திறக்கும்போது ஒலி எழும் என்று பலர் குறித்துவிடுகிறார்கள். படத்தில் நம் இடக்கைப் பக்கம் இருப்பது இதயத்தின் வலப்பக்கம் என்பதையும் தாளின் ஓரத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

ஊற்றிய தண்ணீரின் மட்டம் மெல்ல இறங்கியதைக் கண்டு, வால்வு ஒழுகுகிறது என்றே முதலில் எண்ணினேன். வெட்டிப் பார்த்தபோது, வால்வுக்குச் சற்று மேலே இரண்டு சிறு துளைகள் தெரிந்தன: இதயத் தசைக்கே இரத்தம் கொண்டுசெல்லும் கரோனரி தமனிகளின் வாய்கள். இடது வெண்ட்ரிக்கிள் சுருங்கும்போது அதன் சுவருக்குள் ஓடும் நாளங்கள் நெரிபடுவதால், அத்தசைக்கு இரத்தம் பெரும்பாலும் வெண்ட்ரிக்கிள் தளர்ந்திருக்கும் டயஸ்டோலின்போதே கிடைக்கிறது. ஒரு துடிப்பின் 0.8 நொடிச் சுழற்சியில் ஆரிக்கிள் சுருக்கம் 0.1, வெண்ட்ரிக்கிள் சுருக்கம் 0.3, இரண்டும் தளர்ந்திருப்பது 0.4 நொடி. துடிப்பு விரைவாகும்போது மிகுதியாகக் குறுகுவது தளர்ந்திருக்கும் அந்த நேரமே. அதிக உழைப்பால் தசைக்கு அதிக இரத்தம் தேவைப்படும் வேளையில் அது கிடைக்கும் நேரம் குறைகிறது. அதை ஈடுகட்டக் கரோனரி நாளங்கள் விரிந்து கொடுக்கின்றன.