வாசலில் நின்ற பத்துப் பேர்

மாசி மாதம் விசுவமடுவில் அக்கா வீட்டில் நின்றபோது, ஆடைத் தொழிற்சாலையில் தைக்கும் என் மருமகள் எனது கைபேசியிலிருந்த சுவிஸ் சம்பளச் சீட்டை வரிவரியாகப் பார்த்துவிட்டு, "மாமா, அங்கை கனக்கக் கடையள் இருக்கிறதாலதான் முதலாளிமார் போட்டிக்கு இவ்வளவு குடுக்கினமோ?" என்று கேட்டாள். வன்னியில் இன்னும் இரண்டு தொழிற்சாலைகள் வந்தால் சம்பளம் தானாக ஏறிவிடும் என்று அவளுடைய மேற்பார்வையாளர் சொல்லியிருக்கிறாராம்.

அந்தப் பேச்சில் உண்மை இல்லாமல் இல்லை. எங்கள் ஊரில் பெரும்போக நெல் எல்லா வயலிலும் ஒரே கிழமையில் முற்றி நிற்கும்போது, அருவி வெட்ட ஆள் கிடைக்காத கமக்காரர் விடியமுன் படலையில் வந்து நின்று கூப்பிடுவார். நாட்கூலி ஏறும், மத்தியானச் சோற்றுக்கு மீன் குழம்பும் வரும். ஆனால் 1995 ஒக்டோபர் இடம்பெயர்வுக்குப் பின் யாழ்ப்பாணத்துச் சனம் கிளாலிக் கடலைக் கடந்து வந்து மரங்களின் கீழ் தறப்பாள் கட்டியிருந்த காலத்தில், அதே கமக்காரர் அதே வயலுக்கு முந்திய கூலியில் பாதியைத்தான் கொடுத்தார். அவர் கெட்ட மனிதரல்லர். பாதிக்கும் வர ஆட்கள் இருந்தார்கள், அவ்வளவுதான். வெட்டியவர்களின் முதுகுநோவு பாதியாகவில்லை. இப்போது வெட்டு மெசின் வந்து அந்தப் பேரத்தையே முடித்துவிட்டது.

2005இல் சுவிசுக்கு வந்து, அகதி விண்ணப்பதாரருக்குரிய 'என்' அட்டையுடன் பேர்ன் மாநிலத்தில் இருந்த எனக்குக் கிடைத்த முதல் வேலை, எங்கள் ஆள் ஒருவரின் சிறிய உணவகத்தில் கோப்பை கழுவுவது. மணித்தியாலத்துக்குப் 10 பிராங், கையில். கூட்டித் தரும்படி கேட்டபோது அவர், "தம்பி, உமக்குப் பின்னாலை வாசலிலை பத்துப் பேர் நிக்கினம்" என்றார். அது பொய்யல்ல, அந்தப் பத்துப் பேரில் மூவர் முகாமில் என்னுடைய அறையிலேயே படுத்தவர்கள். அந்தத் தெருவில் ஐந்து உணவகங்கள் இருந்தன, போட்டிக்குக் குறைவில்லை. ஆனால் அவர்கள் போட்டியிட்டது சாப்பாட்டு விலையைக் குறைப்பதில். வாடகையையும் மின்கட்டணத்தையும் குறைக்க முடியாதவர்கள், குறைக்கக்கூடிய ஒரேயொரு செலவில், அதாவது எங்களில், கை வைத்தார்கள்.

இரண்டாவது வேலை ஒரு விடுதியின் சமையலறையில். அங்கே காய்கறி வெட்டிய போர்த்துக்கல் நாட்டு அம்மா ஒருவர் ஒருநாள் ஈரக் கையைத் துடைத்துவிட்டு, மூலை மடிந்த சிறு புத்தகமொன்றை என் முன் விரித்தார். உணவகத் தொழிலாளருக்கும் முதலாளிமாருக்கும் இடையிலான தேசியக் கூட்டு ஒப்பந்தம் அது. கூட்டாட்சி அரசு அதனை அந்தத் துறை முழுவதற்கும் கட்டாயமாக்கியிருந்தது. கிழமைக்கு 42 மணித்தியாலம், ஆகக்குறைந்த சம்பளம், பன்னிரண்டு மாதச் சம்பளத்துக்கு மேலதிகமாக வருடத்துக்கு ஒருமுறை தரும் 13ஆம் மாதச் சம்பளம் எல்லாம் அதில் இருந்தன, 'என்' அட்டைக்காரனுக்கும் சேர்த்து. வாசலில் எத்தனை பேர் நின்றாலும் அந்த வரிக்குக் கீழே சம்பளம் இறங்கக்கூடாது.

இத்தனைக்கும் அந்நாட்டில் தேசிய மட்டத்தில் குறைந்தபட்ச ஊதியச் சட்டம் கிடையாது. மணித்தியாலத்துக்கு 22 பிராங் என்ற யோசனையை 2014 மே மாத வாக்கெடுப்பில் நான்கில் மூன்று பங்கினர் நிராகரித்தார்கள்; கோப்பை கழுவிக் கடை எடுத்த எங்களவர் சிலரும் 'வேண்டாம்' என்றே போட்டதாக என்னிடம் சொன்னார்கள். சில மாநிலங்களில் மட்டும் அப்படியொரு சட்டம் உண்டு; ஜெனீவா மாநிலம் 2020இல் 23 பிராங்கை ஏற்றது.

இலங்கையிலோ 2016 முதல் சட்டம் உண்டு. ஆனால் 2022 செப்டெம்பரில் பணவீக்கம் 70 வீதத்தை நெருங்கியபோதும் சட்டத்திலிருந்த மாதச் சம்பளம் 12,500 ரூபாய்தான்; அது 27,000 ஆவதற்கு 2025 வரை செல்ல வேண்டியிருந்தது. அந்த இடைக்காலத்தில் தொழிற்சாலைக்குப் போகும் பிள்ளைகள் காலைச் சாப்பாட்டை விட்டதை அக்கா சொல்லிக் கேட்டேன்.

மருமகள் '13ஆம் சம்பளம்' என்ற வரியில் விரலை வைத்து, இதை முதலாளியிட்டை ஆர் கேட்டது என்று விசாரித்தாள். எனக்குப் பெயர்கள் தெரியாது. நான் அந்த நாட்டுக்கு வருமுன்பே கேட்டிருந்தார்கள்.