ஆமை ஓட்டில் ஒரு பிரசவக் குறிப்பு

ஆமையின் வயிற்றுப்புற ஓடு. என் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துச் சேர்த்து வைத்தால் எவ்வளவோ, ஏறக்குறைய அவ்வளவு. நடுவே மேலிருந்து கீழாக ஒரு கோடு. அதற்கு வலப்பக்கம் கொஞ்சம் எழுத்து, இடப்பக்கம் கொஞ்சம். ஒவ்வொன்றும் சுண்டுவிரல் நகத்தளவுதான். கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது நகல், அசல் தைவானில் இருக்கிறது.

"இதைப் படிச்சா உனக்குப் பிடிக்கும்மா" என்று மகள் சொன்னாள். ஷாங்காயில் வேலை பார்ப்பவள், விளக்கப் பலகையை மெதுவாகத் தமிழில் சொல்லத் தொடங்கினாள்.

"ஃபூ ஹாவுக்குப் பிரசவம் நல்லபடியா ஆகுமா?"

முப்பத்திரண்டு வருஷம் பிரசவ வார்டில் செவிலியராக இருந்தவள் நான். அந்த ஒரு கேள்வியிலேயே நின்றுவிட்டேன்.

நாங்கள் போயிருந்த ஆன்யாங், சீனாவின் ஹெனான் மாகாணத்தின் வடக்கு ஓரத்தில் இருக்கிறது. மாகாணத் தலைநகர் ஜெங்ஜோவிலிருந்து அதிவேக ரயிலில் ஒரு மணி நேரத்துக்குள் வந்துவிடலாம். ஏப்ரல் மாதம், வழியெல்லாம் பச்சைக் கோதுமை. ஊரை ஒட்டி ஹுவான் ஆறு ஓடுகிறது. அதன் கரையில்தான், மூவாயிரம் வருஷத்துக்கு முன் ஆண்ட ஷாங் வம்சத்தின் கடைசித் தலைநகரம் இருந்தது. அந்த இடத்துக்கு இப்போது யின்ஷு என்று பெயர். 2006-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. 2024 பிப்ரவரியில் புதிய அருங்காட்சியகமும் திறந்திருக்கிறார்கள். தேர்களையும் குதிரைகளையும் சேர்த்துப் புதைத்த குழிகளை அங்கே பார்க்கலாம். எல்லாரும் பார்க்க வருவது அவற்றைத்தான். எனக்கு, குறி கேட்டு எழுத்துச் செதுக்கிய எலும்புகளையும் ஆமை ஓடுகளையும் விட்டு நகர மனம் வரவில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசி வரை இந்த எலும்புகள் 'டிராகன் எலும்பு' என்ற பெயரில் மருந்துக் கடைகளுக்குப் போயின. பொடித்துக் கஷாயத்தில் போடுவார்கள். 1899-ல் பெய்ஜிங்கில் வாங் யிரோங் என்ற அறிஞர்தான் அவற்றில் இருப்பது பழைய எழுத்து என்று கண்டுகொண்டார். அதற்குள் எத்தனை அரசர்களின் கேள்விகள் நோயாளிகளின் வயிற்றுக்குள் போயிருக்குமோ! அடுத்த வருஷமே அந்நியப் படைகள் பெய்ஜிங்கைப் பிடித்தபோது அவர் கிணற்றில் விழுந்து உயிரை விட்டார். 1928-ல் இங்கே முறையான அகழாய்வு தொடங்கியது. 1936-ல் ஒரே குழியில் பதினேழாயிரத்துக்கும் மேற்பட்ட துண்டுகள் கிடைத்தன. நான் பார்த்த ஓடும் அந்தக் குழியில் வந்ததுதான்.

குறி கேட்கும் முறை இப்படி. ஓட்டின் பின்புறம் சிறு சிறு குழிகள் குடைவார்கள். கேள்வியைச் சொல்லிவிட்டு, நெருப்புக் கங்கால் குழியைச் சுடுவார்கள். முன்புறத்தில் ஒரு நேர்க்கோடும், அதிலிருந்து ஒரு சிறு கிளையுமாக விரிசல் விழும். அதை அரசன் படிப்பான். குறி என்பதற்கான சீன எழுத்து இன்றும் அதே வடிவம்தான், ஒரு கோடு, ஒரு கிளை. இன்றைய உச்சரிப்பு 'பு'. ஓடு வெடிக்கும் சத்தத்திலிருந்து வந்த பெயர் என்கிறார்கள். மழை வருமா, போருக்குப் போகலாமா, அடுத்த பத்து நாளில் கெடுதல் உண்டா, இந்தப் பல்வலி எந்த முன்னோரின் கோபத்தால் வந்தது என்று எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார்கள். ஒன்றரை லட்சம் துண்டுகள்வரை கிடைத்திருப்பதாகச் சொல்கிறார்கள். இறந்தவர்கள் எங்கேயும் போய்விடவில்லை, வீட்டு நல்லது கெட்டதைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள் என்ற நம்பிக்கை ஒவ்வொரு துண்டிலும் இருக்கிறது.

இனி அந்தப் பிரசவம். கி.மு. 1200-ஐ ஒட்டிய காலம். கேட்டவன் அரசன் வூ டிங், ஃபூ ஹாவ் அவன் மனைவி. வலப்பக்கத்தில் 'நல்லபடியாக ஆகும்' என்றும், இடப்பக்கத்தில் 'நல்லபடியாக ஆகாமல் போகலாம்' என்றும் இரண்டு விதமாகவும் முன்வைத்திருக்கிறார்கள். அவர்களுக்குப் பத்து நாள் ஒரு சுற்று, ஒவ்வொரு நாளுக்கும் ஒரு பெயர். அரசன் விரிசலைப் பார்த்து, 'டிங் நாளில் பிறந்தால் நல்லது, கெங் நாளில் பிறந்தால் மிக நல்லது' என்கிறான். நல்ல நாள் பார்த்து, மணி பார்த்து சிசேரியனுக்குத் தேதி கேட்டு வந்த எத்தனை குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன்!

பிறகு, நடந்ததையும் செதுக்கி வைத்திருக்கிறார்கள். முப்பத்தொரு நாள் கழித்துப் பிரசவம். நாளும் டிங் இல்லை, கெங் இல்லை. 'நல்லதாகவில்லை. பெண்.'

மகள் அதைச் சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். வார்டுக் கதவைத் திறந்து "பெண் குழந்தை" என்று சொன்னதும் வெளியே விழுகிற அமைதி எனக்குத் தெரியும். "தாய் நல்லா இருக்காங்க" என்று நானாகச் சேர்த்துச் சொல்வேன், பல சமயம் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

அந்தத் தாய் யார் தெரியுமா? பதின்மூவாயிரம் பேர் கொண்ட படையோடு போருக்குப் போனதாக இன்னொரு எலும்பு சொல்கிறது. அரசன் சார்பில் வழிபாடுகளும் நடத்தியிருக்கிறாள். அவளுடைய கல்லறையை 1976-ல் கண்டுபிடித்த அகழாய்வுக்குத் தலைமை தாங்கியவரும் ஒரு பெண்தான், ஜெங் ஜென்ஷியாங். கொள்ளையர் கை படாமல் கிடைத்த கல்லறை. 468 வெண்கலப் பொருட்கள், 'ஜேட்' என்னும் பச்சைக்கல்லில் 755 பொருட்கள், கிட்டத்தட்ட ஏழாயிரம் சோழிகள். பெரிய வெண்கலக் கோடரி ஒன்று ஒன்பது கிலோ. அதோடு ஏறக்குறைய ஐந்நூறு எலும்புக் கொண்டை ஊசிகள். அவளோடு பதினாறு பேரையும் பலியிட்டுப் புதைத்திருக்கிறார்கள். அதைச் சொல்லாமல் அவள் பெருமையை மட்டும் எழுத எனக்கு மனம் ஒப்பவில்லை.

கல்லறைக் குழியை இப்போது மேலிருந்து எட்டிப் பார்க்கலாம், உள்ளே மாதிரிப் பொருட்களை அடுக்கியிருக்கிறார்கள். வெளியே கோடரி ஏந்திய அவளுடைய வெள்ளைச் சிலை. அவள் இறந்த பிறகும் வூ டிங் குறி கேட்பதை விடவில்லை. மேலுலகில் எந்த முன்னோர் அவளை ஏற்றுக்கொண்டார் என்று ஒவ்வொருவர் பெயராகச் சொல்லிக் கேட்டிருக்கிறான்.

கல்லறையில் கிடைத்த சதுரமான பெரிய வெண்கலப் பாத்திரங்களில் அவள் பெயர் வேறாக இருக்கிறது, 'தாய் ஷின்'. அவளுக்குப் பிள்ளைகள் செய்து வைத்தவை என்கிறார்கள். அந்தத் 'தாய்' என்ற எழுத்தை மகள் என் நோட்டில் வரைந்து காட்டினாள். முதலில், மண்டியிட்டுக் கைகளை முன்னால் சேர்த்து உட்கார்ந்த ஓர் உருவம்.

"இதுதாம்மா பெண். ஆமை ஓட்டுல கடைசியா இருந்துச்சே, அது."

பக்கத்தில் அதே உருவத்தை இன்னொரு தடவை வரைந்து, மார்பில் இரண்டு புள்ளி வைத்தாள்.

"இது அம்மா."