அதே ஓட்டுநர், அதே வண்டி

பிலிப்பைன்ஸ் தலைநகர் மணிலாவில், ஜீப்னி என்கிற ஜீப் வடிவச் சிறு பேருந்து சிவப்பு விளக்கைத் தாண்டிப் பாய்வதைப் பார்த்தால், பக்கத்தில் நிற்பவர் "வாலாங் டிசிப்ளினா" என்று முணுமுணுப்பார். கொஞ்சமும் ஒழுங்கு கிடையாது என்று அர்த்தம். சற்று நேரத்தில் அவரே நடைமேம்பாலத்தை விட்டுவிட்டுச் சாலையின் குறுக்கே ஓடுவார். பிலிப்பினோக்கள் தங்களைத் தாங்களே திட்டிக்கொள்ளும் அளவுக்கு வெளியாட்கள்கூட அவர்களைத் திட்டுவதில்லை. 1972இல் ராணுவச் சட்டம் கொண்டுவந்த மார்க்கோஸ் ஆட்சி, நாடு முன்னேற ஒழுங்கு வேண்டும் என்ற வாசகத்தை ஊரெங்கும் பரப்பியது. அந்த ஆட்சி 1986இல் போய்விட்டது, வாசகம் போகவில்லை. இன்றும் புதிதாகப் பதவிக்கு வருகிற மேயர்கள் பலருக்கு முதல் செலவு அந்த மாதிரி ஒரு பேனர்தான்.

மக்களைச் சட்டத்தை மதிக்கப் பழக்கும் துறையில் உள்ளாட்சி அமைப்புகளோடு வேலை செய்கிறவர்கள் பேனரை நம்புவதில்லை. அவர்கள் காட்டுவது சுபிக்கை. அமெரிக்கக் கடற்படை 1992 நவம்பரில் வெளியேறிய தளம் அது. இப்போது தனி ஆணையத்தின் கீழ் இயங்கும் சுதந்திர வர்த்தக மண்டலம். ஒலொங்காப்போ நகரத்திலிருந்து பாலம் தாண்டி உள்ளே போகிற ஓட்டுநர் சீட் பெல்ட்டை இழுத்து மாட்டுவார். ஆளே இல்லாத நாற்சந்தியிலும் 'ஸ்டாப்' பலகைக்கு முன்னால் வண்டியை முழுசாக நிறுத்தி, யார் முதலில் வந்தாரோ அவருக்கு வழிவிட்டுப் புறப்படுவார். அன்று மாலை அதே ஆள் அதே வண்டியோடு வெளியே வந்ததும் பழையபடி ஓட்டுவார். உள்ளே பலகை எல்லா முனையிலும் ஒரே மாதிரி நிற்கிறது, கோடு அழியாமல் இருக்கிறது, பிடிக்கிறவருக்கு ஓட்டுநரின் மச்சானைத் தெரியாது. குணம் இரண்டு கிலோமீட்டரில் மாறிவிடாது. மாறியது ஏற்பாடு.

அந்த ஏற்பாட்டைக் கூறுபோட்டுப் பார்க்க ஜீப்னியே போதும். ஜீப்னி ஓட்டுநருக்குச் சம்பளம் கிடையாது. வண்டியின் சொந்தக்காரருக்குத் தினமும் ஒரு தொகை கட்ட வேண்டும். அதற்குப் பெயர் 'பவுண்டரி'. டீசல் ஓட்டுநர் செலவு. இரண்டும் போக மிஞ்சுவதுதான் வீட்டுக்கு. முனைக்கு முனை கை காட்டுகிறவரை ஏற்றாமல் நிறுத்தம் வரை போனால், அந்தப் பயணி பின்னால் வருகிற வண்டியில் ஏறிவிடுவார். இந்தக் கணக்கில் சட்டத்தை மதிக்கிறவருக்கு அன்றன்றைக்கே நஷ்டம். பேருந்துகளிலும் கமிஷன் முறையால் இதே நிலைதான் இருந்தது. 2012இல் தொழிலாளர் துறை, நிலையான கூலியும் செயல்பாட்டுக்கு ஏற்ற ஒரு பகுதியும் சேர்த்துக் கொடுக்கச் சொல்லி உத்தரவு போட்டது. பல முதலாளிகள் அந்த இரண்டாவது பகுதிக்குள் பழைய கமிஷனையே ஒளித்துவைத்தார்கள். சாலையில் பெரிதாக ஒன்றும் மாறவில்லை.

மாற்றம் வந்தது 2020இல், கொரோனா நேரத்தில். பெருநகர மணிலாவின் முக்கியச் சாலையான, சுமார் 24 கிலோமீட்டர் நீளமுள்ள எட்சாவில் பேருந்துகளை நடுத்தடுப்பை ஒட்டிய தனி வழிக்கு மாற்றினார்கள். நிறுத்தம் அங்கே மட்டும். வேறெங்கும் கதவைத் திறந்தாலும் ஏற ஆள் இருக்காது. ஆரம்ப ஆண்டுகளில் பெரும்பகுதி காலம், பயணிகளை எண்ணாமல் ஓடிய கிலோமீட்டரை எண்ணி அரசு பணம் கொடுத்தது. முன்பு வலது ஓரத்தில் முட்டிமோதிய அதே ஓட்டுநர்கள் வரிசையில் போக ஆரம்பித்தார்கள். யாரும் அவர்களுக்கு நல்லொழுக்க வகுப்பு எடுக்கவில்லை. மானியம் நின்ற பிறகும் வரிசை ஓரளவு தாக்குப்பிடிக்கக் காரணம், தடுப்பும் நடைமேடையும் கான்கிரீட்டாக அங்கே நிற்பதுதான்.

அடுத்தது அபராதச் சீட்டு. சீட்டு எழுதப்பட்ட பிறகு அது எந்த வழியாகப் போகிறது என்பதில்தான் பாதி ஊழல் பிறக்கிறது. பெருநகர மணிலாவில் 16 நகரங்களும் பாத்தேரோஸ் என்ற ஒரு நகராட்சியும் உண்டு. 2023க்கு முன் ஒவ்வொன்றுக்கும் தனிச் சீட்டு, தனி அபராதம். சீட்டோடு லைசென்ஸையும் பிடுங்கிக்கொண்டார்கள். அதை மீட்க, பிடித்த நகரத்தின் நகர மண்டபத்துக்கே போக வேண்டியிருந்தது. வேறு நகரத்தில் குடியிருக்கும் ஓட்டுநருக்கு அது ஒரு நாள் பிழைப்பு. பெருநகர மணிலாவுக்கு 2025 ஜூலையில் நிர்ணயித்த குறைந்தபட்ச நாள்கூலி 695 பேசோவை வைத்தே கணக்குப் போடுவோம். அபராதம் 1,000, போகவர பஸ் செலவு, போன ஒரு நாள் வருமானம் எல்லாம் சேர்த்தால் 2,000 பேசோவை நெருங்கும். நடுத்தெருவில் மடித்த 200 பேசோ நோட்டு எவ்வளவு மலிவு என்று பாருங்கள். 'லகாய்' என்று அதற்குப் பெயர். மிரட்டி வாங்கினால் 'கோட்டோங்'. கொடுப்பவரின் ஒழுக்கத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் முதலில் இந்தக் கூட்டல் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும்.

2023 மே 2ஆம் தேதி ஏழு நகரங்களில் ஒற்றைச் சீட்டு முறை சோதனையாகத் தொடங்கியது அதற்காகத்தான். பொதுவான தப்புகளுக்கு எல்லா ஊரிலும் ஒரே தொகை. லைசென்ஸ் ஓட்டுநரிடமே இருக்கும். பணத்தை மொபைலில் கட்டிவிடலாம். லைசென்ஸைப் பிடுங்கும் அதிகாரம் போனதும் பேரம் பேசுவதற்கான பிடி பாதி போய்விட்டது. இதில் பழுதாவது பெரும்பாலும் பின்னணி வேலை. சீட்டு எண் ஒரு நகரத்தின் கணினியில் ஏறி, போக்குவரத்துத் துறையின் பதிவேட்டில் ஏறாவிட்டால், கட்டியவருக்கும் கட்டாதவருக்கும் வித்தியாசம் தெரியாது. கட்டாதவர் லைசென்ஸ் புதுப்பிக்கும்போது மாட்டிக்கொள்வார் என்ற பயம் உண்மையாக இருந்தால்தான் மற்றவர்கள் கட்டுவார்கள். 2017ஆம் ஆண்டின் சட்டம் இதன் மறுபக்கத்தைக் கொண்டுவந்தது: விதிமீறல் இல்லாதவருக்கு 10 ஆண்டு லைசென்ஸ், இருப்பவருக்கு 5 ஆண்டு. வரிசையில் நிற்பதை வெறுக்கிற ஊரில் இது நல்ல பரிசு. அந்தப் பரிசும் பதிவேடு ஒழுங்காக இருந்தால்தான் செல்லும்.

கேமரா வைத்துப் பிடிக்கும் திட்டம் சறுக்கியதும் இந்த இடத்தில்தான். சில நகரங்கள் தனியார் நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டு அதை நடத்தின. சீட்டு போவது வண்டியின் சொந்தக்காரருக்கு, ஓட்டியது வேறொருவர். தபால் வருவதற்குள் அதே சந்திப்பில் இன்னும் சில தடவை மீறியிருப்பார், தெரியாமலே. கோடு தேய்ந்துபோன சாலையில் கோட்டைத் தாண்டினாய் என்று அபராதம். வசூலில் நிறுவனத்துக்குப் பங்கு என்றதும் இது காசு பிடுங்கும் யந்திரம் என்ற எண்ணம் ஊன்றிவிட்டது. போக்குவரத்துச் சங்கங்கள் வழக்குத் தொடுத்து, 2022 ஆகஸ்ட் 30இல் உச்ச நீதிமன்றத் தடை வாங்கின. 2025 மே மாதம் பெருநகர வளர்ச்சி ஆணையத்துக்கு மட்டும் தடை தளர்ந்தது. மீண்டும் தொடங்கியபோது முக்கியச் சாலைகளில் வாகனங்கள் கோட்டுக்குள் நின்றது உண்மை. ஆனாலும் கேமராவை மாட்டுவதற்கு முன் சாயத்தை அடியுங்கள் என்பதே இத்துறையில் பழம் தின்று கொட்டை போட்டவர்கள் சொல்வது. ஒரு சந்திப்பைத் தேர்ந்தெடுத்தால் கோடு, பலகை, மஞ்சள் விளக்கு எரியும் நேரம் மூன்றையும் பகலிலும் இரவு மழையிலும் போய்ப் பார்க்க வேண்டும். மழையில் தெரியாத கோட்டுக்கு அபராதம் போட்டால் மேல்முறையீட்டில் நிற்காது.

கடைப்பிடிக்க முடியாத விதியைப் போட்டுவிட்டு ஜனங்களைக் குறைசொல்வது பழைய வியாதி. எட்சா, கமுனிங் அருகே 2018இல் ஒரு நடைமேம்பாலம் எழுந்தது. கீழே ஓடும் ரயிலின் மின்கம்பிக்கு மேலே போக வேண்டியிருந்ததால் ஒன்பது மீட்டர் உயரம். ஊர் அதற்கு 'மவுண்ட் கமுனிங்' என்று பேர் வைத்தது. மூட்டுவலிக்காரக் கிழவி அதில் ஏறுவாளா, குறுக்கே போவாளா? இதற்கு நேர்மாறு பயானி பெர்னாண்டோ. 1992இலிருந்து மரிக்கினா மேயராக இருந்தவர், 2002இல் பெருநகர வளர்ச்சி ஆணையத் தலைவரானார். சுவரில் 'இங்கே சிறுநீர் கழிக்காதே' என்று எழுதுவதற்குப் பதிலாகச் சாலையோரம் இளஞ்சிவப்பு நிறத்தில் ஆண்களுக்கான சிறுநீர்க் கழிப்பிடங்களை வைத்தார். சிரித்தார்கள். தண்ணீர் ஊற்ற ஆள் இல்லாத இடங்களில் அவையே நாறவும் செய்தன. ஆனால் வரிசை சரி: முதலில் இடம், பிறகு தடை. மரிக்கினாவிலும் ஆற்றங்கரைக் குடிசைகளை அகற்றியபோது பெரும்பாலான குடும்பங்களுக்கு அதே நகரத்துக்குள் மனை கொடுத்தார்கள். வேலையும் பள்ளியும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்ததால் கரைக்குத் திரும்பி வந்தவர்கள் குறைவு. நடைபாதையை ஆக்கிரமிக்காதே என்ற விதி அங்கே பிடித்துக்கொண்டதற்கு அதுவும் ஒரு காரணம். அவர் கைகள் கடுமையானவை, பல இடங்களில் நடைபாதைக் கடைக்காரர்கள் பாடு படாத பாடு. அதை மறைக்க வேண்டியதில்லை.

குப்பையும் அப்படித்தான். குவெசோன் நகரத்தின் பயாத்தாஸ் குப்பைமேடு 2000 ஜூலை 10இல் சரிந்து 200 பேருக்கு மேல் புதைந்தார்கள். அடுத்த ஜனவரியில் திடக்கழிவுச் சட்டம் வந்தது. மக்கும் குப்பையும் மறுபயன் பொருளும் பரங்கையின் பொறுப்பு, மிச்சமும் பேட்டரி மாதிரியான தனிவகைக் கழிவும் நகரத்தின் பொறுப்பு என்று அது பிரிக்கிறது. பரங்கை என்பது நம்மூர் வார்டு மாதிரி. நாடு முழுக்க 42,000க்கு மேல் உண்டு. தெருவில் குப்பை போட்டால் 300 முதல் 1,000 பேசோ அபராதம் அல்லது 1 முதல் 15 நாள் சமூகசேவை. சட்டம் எழுதியவர்கள் நன்றாகத்தான் எழுதினார்கள். தோற்பது லாரியில். வீட்டில் பிரித்துவைத்த இரண்டு பையையும் ஒரே லாரி ஒரே தொட்டியில் கொட்டுவதை ஒரு தாய் ஒரு தடவை பார்த்தால் போதும், மறுநாளிலிருந்து பிரிக்க மாட்டாள். பம்பாங்காவின் சான் பெர்னாண்டோ நகரம் 35 பரங்கைகளிலும் தரம் பிரிக்கும் கொட்டகை கட்டி, வீடு வீடாகப் போய்ச் சொல்லி, பிரிக்காத பையை எடுக்காமலே வைத்துவிட்டு வந்தது. வேலை தெரிந்தவர்கள் கவனிப்பது இதை: பையை விட்டுவிட்டு வருகிற ஆள் ஏன் எடுக்கவில்லை என்று அந்த வாசலிலேயே சொல்ல வேண்டும், மறு நாள் அதே ஆள் அதே நேரத்துக்கு வர வேண்டும். நேரம் தவறினால் நாய் பையைக் கிழிக்கும், திட்டு பரங்கைத் தலைவருக்கு, மூன்றாம் வாரம் விதி தளர்ந்துவிடும்.

சட்டத்தை மக்கள் முதன்முதலில் நேரில் சந்திக்கிற இடம் பரங்கை மன்றம்தான். வாய்த்தகராறு, வேலி, சிறு கடன் எதுவானாலும் ஒரே நகரத்துக்காரர்களுக்குள் என்றால் நேரே நீதிமன்றம் போக முடியாது. முதலில் 'லூப்போன்' என்ற சமரசக் குழு. 10 முதல் 20 உறுப்பினர்கள், தலைவர் பரங்கைத் தலைவர். ஓராண்டுக்கு மேல் சிறையோ 5,000 பேசோவுக்கு மேல் அபராதமோ உள்ள குற்றங்கள் இங்கே வராது. தலைவர் 15 நாளுக்குள் இணக்கம் பேசிப் பார்ப்பார். முடியாவிட்டால் மூன்று பேர் கொண்ட குழுவுக்குப் போகும்; அதற்கு 15 நாள், தேவைப்பட்டால் இன்னும் 15. வக்கீல் உள்ளே வரக் கூடாது. கையெழுத்தான உடன்பாட்டை 10 நாளுக்குள் யாரும் மறுக்காவிட்டால் அது நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம். ஆறு மாதத்துக்குள் லூப்போனே நிறைவேற்றலாம்.

எழுத்தில் இது அருமையான ஏற்பாடு. நடைமுறையில், தலைவர் தேர்தலில் ஜெயித்து வந்தவர். பாதித் தெருவின் கல்யாணங்களுக்கு அவர் நினோங், அதாவது ஞானத்தந்தை. ஒரு பக்கத்தை மட்டும் அழைத்துப் பேசி முடித்துவிட்டார் என்ற பேச்சு கிளம்பினால் அடுத்த தகராறு மன்றத்துக்கு வராது, கத்திக்குப் போகும். இதற்கு மருந்து சின்னச் சின்ன நடைமுறைகள். புகாரை வாயால் வாங்காமல் பதிவேட்டில் எண் போட்டு எழுதுவது, இரண்டு தரப்புக்கும் ஒரே நாளில் அழைப்பு அனுப்பிக் கையெழுத்து வாங்குவது, உடன்பாட்டை இருவருக்கும் தெரிந்த மொழியில் எழுதிப் படித்துக்காட்டுவது, மூவர் குழுவில் தலைவரின் உறவினர் இல்லாமல் பார்ப்பது. ஆங்கிலப் படிவத்தில் கையெழுத்து வாங்கிவிட்டு ஒன்பதாம் நாள் மறுப்பு வந்தால் ஆச்சரியப்படக் கூடாது.

தெற்கே உள்ள டாவாவோ நகரத்தைப் பற்றியும் கேட்பார்கள். வேகவரம்பு 60, 40, 30 என்று மூன்று அடுக்கு, புகைத்தடை, பட்டாசுத் தடை எல்லாம் அங்கே நடைமுறையில் நின்றது உண்மை. அதே காலத்தில் விசாரணையில்லாத கொலைகள் நடந்ததாகக் குற்றச்சாட்டு இருக்கிறது. அப்போது மேயராக இருந்து, பின்னர் நாட்டின் அதிபரான துத்தர்த்தே 2025 மார்ச்சில் சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்தின் வாரண்டில் கைதானார். சட்டத்தை மதிக்கச் சொல்லிக்கொடுக்கும் பயிற்சிக்கு அதை மாதிரியாகக் காட்டுவது பொருந்தாது. வேகக்கருவியை எடுத்துக்கொள்ளலாம், மற்றதை விட்டுவிடலாம்.

கடைசியாக, நல்ல முயற்சிகள் சத்தமில்லாமல் சாகிற இடம் ஒன்று. பரங்கைத் தலைவர் மாறியதும் அவர் நியமித்த தானோட் என்ற ஊர்க்காவலர்களும் மாறுவார்கள். முந்தையவர் உத்தரவாக மட்டும் போட்டிருந்த விதி அவரோடு போய்விடும். ஆகவே எதையும் பரங்கைக் கவுன்சிலில் தீர்மானம் போட்டுச் சட்டவிதியாக்க வேண்டும். அபராதம் 1,000 பேசோவைத் தாண்டக் கூடாது. நிறைவேறிய 10 நாளுக்குள் நகரக் கவுன்சிலுக்கு அனுப்ப வேண்டும். அவர்கள் 30 நாளுக்குள் பரிசீலிப்பார்கள். தண்டனை உள்ள விதி என்றால் பொது இடங்களில் தொடர்ந்து மூன்று வாரம் ஒட்டியிருக்க வேண்டும். ஒட்டியதற்குத் தேதியோடு புகைப்படம், செயலாளரின் சான்று, கோப்பில் ஒரு பிரதி. அது இல்லாத விதியை ஒரே ஒரு ஓட்டுநர் எதிர்த்து வழக்காடினாலும் வாங்கிய அபராதத்தையெல்லாம் திருப்பிக் கேட்க ஆள் வரிசையில் நிற்பார்கள். அடுத்து, குப்பை வண்டிக்கு டீசல், தானோட்டுக்கு மதிப்பூதியம் இரண்டும் வருடாந்தர பட்ஜெட்டில் தனி வரியாக ஏறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பேனருக்கு ஒதுக்கீடு எப்படியும் இருக்கும்.